‘ஏ பியூட்டிஃபுல் மைண்ட்’ படமும் ஜான் நாஷின் நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தின் முக்கியத் திருப்பம் கீழே முதல் பதிலிலேயே வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படத்தின் கதை என்ன?

ரான் ஹாவர்ட் இயக்கி 2001-இல் வந்த ஹாலிவுட் படம். ஜான் நாஷ் என்ற கணித மேதையாக ரஸ்ஸல் குரோவும், மனைவி அலிசியாவாக ஜெனிஃபர் கானலியும் நடித்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வரும் நாஷுக்கு சார்லஸ் என்ற அறைத்தோழன் கிடைக்கிறான். சில வருடம் கழித்து, சோவியத் உளவாளிகளின் சங்கேதங்களைப் பத்திரிகைகளில் தேடித்தரச் சொல்லி பார்ச்சர் என்ற அரசாங்க ஆள் ரகசிய வேலை கொடுக்கிறார். படம் பாதியை நெருங்கும்போதுதான் சார்லஸ், அவனுடைய அக்கா மகளான சிறுமி மார்சி, பார்ச்சர் மூவருமே நாஷின் மனதில் மட்டும் இருப்பவர்கள் என்று தெரிகிறது. அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய். அப்புறம் மருத்துவமனை, சிகிச்சை, நோய் திரும்புவது, மெல்ல மீள்வது, கடைசியில் 1994-இல் நோபல் பரிசு.

சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, துணை நடிகை என நான்கு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. குரோவுக்குப் பரிந்துரை மட்டும்தான், விருது இல்லை.

இது உண்மைக் கதையா?

ஆள் உண்மை, நோய் உண்மை, நோபல் உண்மை. சம்பவங்களில் பெரும்பகுதி திரைக்கதையாசிரியர் அகிவா கோல்ட்ஸ்மன் உருவாக்கியவை. சில்வியா நாசர் 1998-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஒட்டி எடுத்த படம் என்றாலும், புத்தகத்தைப் படித்தவர்களுக்குப் படத்தில் பாதி புதிதாக இருக்கும்.

உண்மையான நாஷ் 1928-இல் மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டில் பிறந்தார். 1948-இல் பிரின்ஸ்டன் வந்து 1950-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விநிறுவனமான எம்ஐடியில் ஆசிரியர். 1957-இல் அலிசியா லார்டேயை மணந்தார். 1959-இன் தொடக்கத்தில், முப்பது வயதில், நோய் வெளிப்படையாகத் தெரிந்தது. இந்த 1959 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் செய்யும் மிகப்பெரிய மாற்றம் இதில்தான் இருக்கிறது.

கணிதத்தில் அவர் அப்படி என்ன செய்தார்?

பொதுவாகத் தெரிந்தது ‘நாஷ் சமநிலை’. பலர் பங்கேற்கும் ஒரு போட்டியில், மற்றவர்கள் தங்கள் முடிவை மாற்றாதவரை, தான் மட்டும் முடிவை மாற்றுவதால் யாருக்கும் லாபம் இல்லை என்ற நிலை அது. எல்லாரும் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும்போது நான் மட்டும் வலப்பக்கம் போனால் எனக்குத்தான் ஆபத்து. அதனால் யாரும் மாறமாட்டார்கள். பங்கேற்பவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் முன்னுள்ள வாய்ப்புகளும் முடிவுள்ளவை என்றால், எந்தப் போட்டியிலும் இப்படி ஒரு சமநிலையாவது உண்டு என்று அவர் நிறுவினார். சில சமயம், எந்த முடிவை எடுப்பது என்பதையே சீட்டுக் குலுக்கிப்போடுவதுபோல நிகழ்தகவுக்கு விடவேண்டியிருக்கும், அவ்வளவுதான். முப்பது பக்கம்கூட வராத ஆய்வேடு அது. பொருளாதாரத்தில் தொடங்கி, ஏலம், அரசியல், உயிரியல் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதற்குத்தான் 1994-இல் ஜான் ஹர்சானி, ரைன்ஹார்ட் செல்டன் இருவரோடும் சேர்த்துப் பொருளாதார நோபல் கிடைத்தது.

கணிதக்காரர்களைக் கேட்டால் அதைவிடப் பெரியது வேறு என்பார்கள். வடிவியலில் 1950-களில் அவர் நிறுவிய பதிப்புத் தேற்றங்களையும் (வளைந்த வடிவங்களை அளவு மாறாமல் சாதாரண வெளிக்குள் பொருத்த முடியும் என்பவை), பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் செய்த வேலையையும் சொல்வார்கள். 2015-இல் லூயி நிரன்பர்கோடு அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது அந்த இரண்டாவது வகை வேலைக்காக. படத்தில் இதெல்லாம் ஏறக்குறைய இல்லை. திரையில் காட்டக் கடினம்தான், புரிந்துகொள்ள முடிகிறது.

மதுக்கூடக் காட்சியில் வருவது நாஷ் சமநிலையா?

இல்லை. இந்தக் காட்சியை வகுப்பில் போட்டுக்காட்டும் ஆசிரியர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பொன்னிற முடிக்காரப் பெண் தோழிகளோடு மதுக்கூடத்துக்குள் வருகிறாள். நாஷும் நண்பர்களும் அவளைப் பார்க்கிறார்கள். எல்லாரும் அவளிடமே போனால் ஒருவரை ஒருவர் தடுத்துக்கொள்வோம், பிறகு தோழிகளிடம் போனால் அவர்களும் கோபத்தில் ஒதுக்குவார்கள், ஆகவே யாருமே அவளிடம் போகக்கூடாது, ஆளுக்கொரு தோழியிடம் போகவேண்டும் என்கிறார் நாஷ். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தைத் திருத்திவிட்டதாகச் சொல்லிக் கிளம்பி ஓடுகிறார்.

அந்த முடிவைச் சோதித்துப் பாருங்கள். எல்லாரும் தோழிகளிடம் போய்விட்டார்கள். இப்போது ஒருவன் மட்டும் மனம் மாறி அந்தப் பெண்ணிடம் போனால்? அவனைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. அவனுக்கு லாபம்தான். ஒருவன் தனியாக மாறுவதால் லாபம் உண்டு என்றால் அது சமநிலையே அல்ல. ஒருவன் அவளிடமும் மற்றவர்கள் தோழிகளிடமும் போவதுதான் இங்கே சமநிலை. யார் அந்த ஒருவன் என்பதில் சண்டை வரலாம், அது வேறு.

காட்சி சொல்வது கூட்டாகப் பேசிவைத்துக்கொண்டு நடக்கும் ஒத்துழைப்பை. நாஷின் ஆய்வேட்டுத் தலைப்போ ‘ஒத்துழைப்பற்ற ஆட்டங்கள்’. பெண்களைப் பரிசுப்பொருளாக வைத்த உதாரணம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. கரும்பலகைச் சமன்பாடுகளுக்கு டேவ் பேயர் என்ற கணிதப் பேராசிரியரை ஆலோசகராக வைத்த படம் இந்த ஒரு காட்சியில் இப்படிக் கோட்டைவிட்டிருக்க வேண்டியதில்லை.

நாஷுக்கு உண்மையிலேயே உருவங்கள் தெரிந்தனவா?

தெரியவில்லை. அறைத்தோழனும் இல்லை, சிறுமியும் இல்லை, பார்ச்சரும் இல்லை. குரல்கள் கேட்டன. அதுவும் நோய் தொடங்கிச் சில வருடங்கள் கழித்துத்தான்.

முதலில் வந்தவை நம்பிக்கைகள். 1959-இல் எம்ஐடியின் பொது அறைக்குள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழோடு நுழைந்த நாஷ், அதன் முதல் பக்கச் செய்தி வழியாக வேற்றுலகச் சக்திகள் தன்னோடு பேசுவதாகச் சொன்னார். சிவப்பு டை கட்டியவர்கள் எல்லாரும் ஒரு ரகசியக் கம்யூனிஸ்ட் அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று தோன்றியது. சிகாகோ பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலை தர முன்வந்தபோது, தான் அண்டார்டிகாவின் பேரரசராகப் போவதால் ஏற்க இயலாது என்று பதில் எழுதினார். தூதரகங்களுக்குக் கடிதம் எழுதினார். வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போய் அமெரிக்கக் குடியுரிமையையே துறக்கப் பார்த்தார்.

மனச்சிதைவு நோயில் இதுதான் பெரும்பாலும் நடப்பது. கண்ணுக்கு யாரோ தெரிவது அவ்வளவு சகஜம் இல்லை. காதில் குரல் கேட்பதும், எல்லாவற்றுக்கும் தன்னோடு ஏதோ சம்பந்தம் இருப்பதாகத் தோன்றுவதும்தான் அதிகம். டிவி தன்னைப் பற்றிப் பேசுகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள், யாரோ பின்தொடர்கிறார்கள். இன்னொரு பக்கம் பேச்சு குறைவது, குளிக்க மனமில்லாமல் போவது, ஆர்வம் வற்றுவது. குடும்பங்களை அதிகம் வாட்டுவது இந்த அமைதியான பக்கம். ‘சோம்பேறி’ என்ற பட்டம் இங்கேதான் விழும். படம் இதைக் கொஞ்சம் தொடுகிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் வெறித்துப்பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாஷ் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் படத்திலேயே மிக நேர்மையானவை என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் உருவங்களாகக் காட்டியது தவறா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நம்பிக்கையைத் திரையில் எப்படிக் காட்டுவது? செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனைக் காட்டலாம், பார்ப்பவருக்கு அவன் பைத்தியமாகத்தான் தெரிவான். ஹாவர்ட் வேறு வழி எடுத்தார். சார்லஸை நமக்கும் அறிமுகப்படுத்தினார். நாமும் அவனோடு சிரித்தோம், பார்ச்சரை நம்பினோம், கார் துரத்தலில் பதறினோம். திடீரென்று ஒரு மருத்துவர் வந்து அதெல்லாம் இல்லை என்று சொல்லும்போது நமக்கே அவர்மேல் சந்தேகம் வருகிறது. அவர்தான் பொய் சொல்கிறாரோ என்று. நோயாளிக்கு அந்த நேரம் இருப்பது இதே சந்தேகம். ‘உனக்கு நோய்’ என்று சொல்பவரை அவர் ஏன் நம்பமாட்டேன் என்கிறார் என்பதை வேறு எந்தப் படமும் எனக்கு இவ்வளவு நன்றாகப் புரியவைத்ததில்லை.

இழப்பு என்ன என்றால், உருவம் ஒரு எளிய சோதனைக்கு அடங்கிவிடுகிறது. மார்சிக்கு வயதே ஏறவில்லை என்று நாஷ் கண்டுபிடிக்கிறார், தெளிகிறார். புறாக் கூட்டத்துக்குள் அவள் ஓடும்போது புறாக்கள் பறப்பதில்லை, கவனித்துப் பார்ப்பவர்களுக்கு அதுவும் துப்பு. உண்மை நோயில் இப்படி ஒரு துப்பு கிடைப்பதில்லை. எதிர்ச்சான்றைக் காட்டினால் அதையும் சதியின் ஒரு பகுதியாக மனம் சேர்த்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு ‘தர்க்கமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்’ என்று நம்பி வீட்டில் மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் உண்டு. வாதம் உறவைத்தான் கெடுக்கும்.

மக்லீன் மருத்துவமனையில் நாஷைப் பார்க்கப் போன கணித அறிஞர் ஜார்ஜ் மாக்கி, நிரூபணத்துக்கே வாழ்வை அர்ப்பணித்த நீங்கள் வேற்றுலகவாசிகள் செய்தி அனுப்புவதாக எப்படி நம்பினீர்கள் என்று கேட்டார். அந்த எண்ணங்களும் தன் கணித எண்ணங்கள் வந்த அதே வழியில்தான் வந்தன, அதனால் பொருட்படுத்தினேன் என்றார் நாஷ். நாசரின் புத்தகம் இந்தச் சந்திப்போடுதான் தொடங்குகிறது. அந்த ஒரு பதிலைப் படத்தில் வைத்திருந்தால் பாதி உருவங்கள் தேவைப்பட்டிருக்காது.

பார்ச்சர் கொடுத்த ரகசிய வேலைக்கு ஏதாவது அடிப்படை உண்டா?

கொஞ்சம் உண்டு. 1950-களின் முதல் பாதியில் ராண்ட் நிறுவனத்தில் நாஷ் ஆலோசகராக இருந்தார். அமெரிக்க ராணுவத்துக்கான ஆராய்ச்சி அங்கே நடந்தது. 1954-இல் ஒரு கைதுக்குப் பிறகு, அந்த ஆராய்ச்சியில் ஈடுபட அவருக்கு இருந்த பாதுகாப்பு அனுமதி போனது. படம் இந்தக் கைதைத் தொடவில்லை. 1955-இல் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு அவராகவே சங்கேத முறை பற்றிக் கடிதங்கள் எழுதினார். 2012-இல் அவை வெளியிடப்பட்டன. சங்கேதத்தை உடைக்கத் தேவைப்படும் கணக்கீடு சாவியின் நீளத்தோடு எப்படிப் பெருகும் என்பதை அவர் அதில் பேசுகிறார். பிற்காலக் கணினி அறிவியல் கையில் எடுத்த கேள்வி அது. நோய் வருவதற்குச் சில வருடம் முன்பு எழுதியவை, தெளிவானவை.

பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் எல்லாரும் உளவாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நோய் தன் கதைக்கான பொருளைச் சுற்றியிருக்கும் உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதைப் படம் சரியாகவே காட்டியிருக்கிறது.

நோய்தான் அவரை மேதை ஆக்கியதா?

இல்லை, 1959 என்ற வருடத்தைச் சொன்னது இதற்காகத்தான். ஆய்வேடு 1950. பெரிய தேற்றங்கள் 1958-க்குள் முடிந்துவிட்டன. நோய் 1959. படம் சார்லஸை மாணவப் பருவத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டதால், மாயத்தோற்றங்களோடு வாழ்ந்துகொண்டே அவர் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தார் என்று ஆகிவிட்டது. மேதைக்கும் பைத்தியத்துக்கும் நூலிழைதான் என்று ஏற்கெனவே நம்புகிறவர்களுக்கு இது தீனி.

நடந்தது தலைகீழ். நோய் அவரிடமிருந்து வேலையைப் பறித்தது. 1960-களில் சிகிச்சையால் இடையிடையே தெளிவு வந்த மாதங்களில் மறுபடியும் நல்ல கட்டுரைகள் எழுதினார். பிறகு நீண்ட இடைவெளி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நோபல் குழுவுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், பகுத்தறிவுக்குத் திரும்பியது உடல் நோயிலிருந்து மீண்டதுபோல முழு மகிழ்ச்சி தரும் விஷயம் அல்ல என்கிறார் நாஷ். பிரபஞ்சத்தோடு தனக்கிருக்கும் உறவைப் பற்றிய எண்ணத்துக்கு அது ஒரு எல்லை போடுகிறதாம். மீண்டு வந்தவரிடம் இழப்புணர்ச்சி இருக்கலாம் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

இன்சுலின் சிகிச்சை உண்மையா?

உண்மை. 1959-இல் முதலில் சேர்க்கப்பட்டது மக்லீன் என்ற தனியார் மருத்துவமனையில். கவிஞர் ராபர்ட் லோவலும் அப்போது அங்கே இருந்தார். 1961-இல் சேர்த்தது நியூஜெர்சியின் டிரென்டன் அரசு மருத்துவமனை. அங்கேதான் இன்சுலின் கோமா சிகிச்சை. இன்சுலினை ஏற்றி ரத்தச் சர்க்கரையை இறக்கி நினைவிழக்கவைப்பார்கள், பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவார்கள். வாரக்கணக்கில் இது தொடரும். உயிருக்கே ஆபத்தான முறை. பயன் இருப்பதாக நிரூபிக்கவும் முடியவில்லை. மனநோய் மருந்துகள் வந்தபின் கைவிடப்பட்டது. இன்று எந்த மருத்துவமனையும் இதைச் செய்வதில்லை. இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவமனைக்குப் போகப் பயப்படவேண்டாம்.

நாஷ் மருந்து இல்லாமலே குணமானாரா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இந்தக் கேள்விதான்.

படத்தின் கடைசிப் பகுதியில், புதிய மருந்துகளை எடுத்துக்கொள்வதாக நாஷ் சொல்கிறார். இது உண்மையல்ல. 1970-க்குப் பிறகு அவர் மருந்து எடுக்கவில்லை, அந்த வசனம் தன் கதை அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்து நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடக்கூடாது என்ற கவலையில்தான் அதைச் சேர்த்தார்கள். உண்மைக் கதை என்று சொல்லிக்கொள்ளும் படத்தில் இப்படிச் செய்யலாமா என்று விவாதம் உண்டு. நான் திரைக்கதையாசிரியரின் பக்கம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் படத்தில் ஒரு விதிவிலக்கை வழிகாட்டியாக வைப்பது ஆபத்து.

நாஷ் ஒரு விதிவிலக்கு என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வயது கூடக்கூடச் சிலருக்கு நோயின் வேகம் தணிவது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். ஆனால் யாருக்குத் தணியும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. மருந்தை நிறுத்தியவர்களில் மிகப்பலருக்கு நோய் திரும்புகிறது. திரும்பத் திரும்ப வரும்போது மீள்வதும் கடினமாகிறது. அவருக்கும் சும்மா குணமாகிவிடவில்லை, 1960-களையும் 70-களையும் விலையாகக் கொடுத்தார். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். மாற்று மருந்துகள் இன்று நிறைய உண்டு. தானாக நிறுத்தவே கூடாது.

அன்புதான் அவரைக் குணப்படுத்தியதா?

படம் அப்படித்தான் முடிகிறது. நோபல் மேடையில் மனைவியைப் பார்த்து அவர் பேசும் பேச்சு கண்ணீர் வரவழைக்கிறது. அந்தப் பேச்சு நடக்கவில்லை.

அலிசியாவின் உண்மைக் கதை அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். எல் சால்வடாரில் பிறந்து எம்ஐடியில் இயற்பியல் படித்தவர். கர்ப்பிணியாக இருந்தபோது, கணவரை விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கும் முடிவை எடுத்தவர். தாங்க முடியாமல் 1963-இல் விவாகரத்து செய்தார். படம் இதை மறைத்துவிட்டது. 1970-இல், போக்கிடம் இல்லாத அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். மனைவியாக இல்லை, வீட்டில் ஓர் அறை கொடுத்தவராக. கணினி நிரல் எழுதும் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். 2001-இல் மறுமணம் செய்துகொண்டார்கள்.

விவாகரத்தைக் காட்டியிருந்தால் அலிசியாவின் மதிப்பு குறைந்திருக்காது. நோயாளியைப் பராமரிப்பவர்கள் உடைந்துபோவதும், விலகுவதும், வேறொரு வடிவத்தில் திரும்பி வருவதும் நடக்கிற விஷயங்கள். விட்டுக்கொடுக்காத மனைவி என்ற பிம்பம், விலகவேண்டி வந்தவர்களைக் குற்றவாளிகளாக உணரவைக்கிறது.

இன்னொரு பக்கம், பிரின்ஸ்டன். கணிதத் துறை இருந்த ஃபைன் ஹாலில் அவர் நடமாடுவதையும், கரும்பலகைகளில் புரியாத செய்திகளை எழுதுவதையும் யாரும் தடுக்கவில்லை. மாணவர்கள் ‘ஃபைன் ஹாலின் ஆவி’ என்று அழைத்தார்கள், ஆனால் துரத்தவில்லை. கணினி பயன்படுத்தவும் இடம் இருந்தது. ஒரு கூரை, நடமாட ஓர் இடம், பெயர் தெரிந்த சில நண்பர்கள், கூடவே இருபது வருடம். தன் எண்ணங்களில் சிலவற்றை, முக்கியமாக அரசியல் சார்ந்தவற்றை, வீண் முயற்சி என்று அறிவால் ஒதுக்கத் தொடங்கியதாக அவர் எழுதுகிறார். அந்த வேலையை அவசரமில்லாமல் செய்ய இந்தச் சூழல் அவரை விட்டுவைத்தது.

படம் வேறு எதையெல்லாம் விட்டது, சேர்த்தது?

பேராசிரியர்கள் மேசைமேல் பேனா வைத்து மரியாதை செய்யும் சடங்கு பிரின்ஸ்டனில் கிடையாது, கற்பனை. திருமணத்துக்கு முன் ஒரு செவிலியரோடு இருந்த உறவும், அதில் பிறந்த மூத்த மகனும் படத்தில் இல்லை. அலிசியாவுக்குப் பிறந்த மகனும் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார், அவருக்கும் இதே நோய் வந்தது. நோபல் வாங்கிய பிறகும் அந்த வீட்டில் நோய் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் முடிவு இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது.

மனச்சிதைவு என்றால் இரட்டை ஆளுமையா? வன்முறை இருக்குமா?

ஒருவருக்குள் இரண்டு பேர் மாறிமாறி வருவதாகச் சினிமாவில் காட்டுவது வேறு கோளாறு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வன்முறையும் பெரும்பாலானவர்களிடம் கிடையாது. அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும்.

நோபலுக்குப் பின் என்ன ஆனார்?

பிரின்ஸ்டனில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார், பல நாடுகளில் உரையாற்றினார். 2015 மே 23 அன்று, ஓஸ்லோவில் ஏபெல் பரிசு வாங்கித் திரும்பிய வழியில், நியூஜெர்சி நெடுஞ்சாலையில் டாக்ஸி விபத்தில் அவரும் அலிசியாவும் இறந்தார்கள். அவருக்கு 86, அலிசியாவுக்கு 82.

வீட்டில் ஒருவரிடம் இதுபோன்ற அறிகுறிகள் தெரிந்தால் என்ன செய்வது?

தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த நோய்க்கென்றே சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் தருகிறது.

அவர் நம்புவதைப் பொய் என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். ‘உனக்கு பயமா இருக்குன்னு புரியுது, ராத்திரி தூக்கமே இல்லையே, டாக்டரைப் பார்க்கலாமா’ என்று தூக்கத்திலிருந்து தொடங்கினால் பலர் வர ஒப்புக்கொள்வார்கள்.

நோயுள்ள ஒருவரோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

நோய் தணிந்து, அவருக்கே விருப்பம் இருந்தால் பார்க்கலாம். இன்சுலின் காட்சியும், கையைக் கீறிக்கொள்ளும் காட்சியும், குழந்தையைக் குளியல் தொட்டியில் விட்டுவிடும் காட்சியும் கடுமையானவை. முன்பே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் தள்ளிவிடுங்கள். அறிகுறிகள் தீவிரமாக இருக்கும்போது இந்தப் படம் வேண்டவே வேண்டாம். உளவாளிக் கதை அந்த நேரத்தில் பயத்தைக் கூட்டிவிடும்.

நோபல் குழுவிலிருந்து ஒருவர் தேடி வந்து நிற்கும்போது, வயதான நாஷ் பக்கத்தில் இருக்கும் மாணவியிடம் ‘இவர் உனக்குத் தெரிகிறாரா?’ என்று கேட்டு உறுதிசெய்துகொள்வார். அந்த இடத்தில் நிறுத்திப் பேசலாம். சந்தேகம் வரும்போது யாரிடம் கேட்டுக்கொள்வது, யாரை நம்புவது என்று முன்கூட்டியே இருவரும் முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் நீங்களாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரே தேர்ந்தெடுக்கட்டும்.